பிக்லீஸ் நறுக்கென்று கடிபட வேண்டும்

8.99 டொலர் கொடுத்து வாங்கிய, ஹெய்ட்டி நாட்டு ஊறலான பிக்லீஸ் போத்தல் ஒன்று ஆறு வாரமாக எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் நிற்கிறது. மூடியைத் திறந்த அன்று மூன்று கரண்டி எடுத்தோம். அதன் பிறகு வீட்டில் ஒருவர்கூட அதைத் தேடவில்லை. உறைப்பென்றால் போட்டி போட்டுக்கொண்டு சாப்பிடுகிற வீடு இது. அப்படியிருக்க ஒரு போத்தல் இவ்வளவு நாள் மிஞ்சி நிற்கிறது என்றால், அதில் என்ன பிழை என்று எழுதித்தான் ஆகவேண்டும்.

உறைப்பில் குறை சொல்ல மாட்டேன், அது தாராளமாகவே இருக்கிறது. ஆனால் முட்டைக்கோவா வெந்த இலை மாதிரித் துவண்டு கிடக்கிறது. கரட் எது, குடைமிளகாய் எது என்று கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது, நாக்குக்குத் தெரியவில்லை. சேர்பொருட்களில் சீனியும் இருக்கிறது. கராம்பின் பெயரும் அச்சிட்டிருக்கிறது, ஆனால் போத்தலுக்குள் மூக்கை வைத்தாலும் அந்த வாசம் வரவில்லை. கடைத் தட்டில் மாதக்கணக்காக வெளியே நிற்க வேண்டிய போத்தல்களைப் பெரும்பாலும் சூடுபடுத்தியே மூடுவார்கள். சூடு பட்டால் மரக்கறியை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் இளகிவிடும். ஒருமுறை இளகிய கோவாவை எந்த வினாகிரியில் போட்டாலும் பழைய விறைப்பு திரும்பி வராது. பிக்லீஸில் அந்த விறைப்புத்தான் முக்கியம்.

தெரியாதவர்களுக்காக: பிக்லீஸ் ஹெய்ட்டி நாட்டு மேசைகளில் இருக்கும் ஊறல். மெல்லியதாக அரிந்த முட்டைக்கோவா, கரட், குடைமிளகாய், வெங்காயம், அவற்றோடு ஸ்கொட்ச் பொனற் மிளகாய், எல்லாவற்றையும் வெள்ளை வினாகிரியில் ஊறவைப்பார்கள். அந்த மிளகாயை ஹெய்ட்டி மக்களின் கிரியோல் மொழியில் ‘பிமான் பூக்’ என்பார்கள். ‘பூக்’ என்றால் ஆட்டுக்கடா. கடாவைப் போல முட்டும் மிளகாய் என்று நானாகப் பொருள் சொல்லிக்கொள்கிறேன். நம் எண்ணெய் ஊறுகாயைப் போல இதைத் தொட்டுக்கொள்வதில்லை, அள்ளி வைத்துக்கொள்வார்கள். பொரித்த பன்றியிறைச்சியான ‘கிரியோ’வுக்குப் பக்கத்தில் பிக்லீஸ் இல்லையென்றால் தட்டு முடியவில்லை என்றே அவர்கள் எண்ணுவார்கள். கொழுப்பின் கனத்தைப் புளிப்பு வெட்டுகிறது, பொரியலின் மென்மைக்கு எதிரே பச்சைக் கோவா நறுக்கென்று கடிபடுகிறது. அதனால்தான் அடுத்த துண்டை எடுக்கக் கை போகிறது.

இதை எனக்கு அறிமுகப்படுத்தியவர் என்னோடு வேலை செய்யும் ஒரு ஹெய்ட்டிப் பெண்மணி. கனடாவின் மொன்றியலில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினொரு வருடமாக ஒன்றாக நிற்கிறோம். ஹெய்ட்டியின் தென்கரையில் உள்ள ஜக்மெல் ஊரைச் சேர்ந்தவர், எண்பதுகளில் இங்கே வந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ‘மாத்தாந்த்’ என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அத்தை, சித்தி, மாமி எல்லோருக்கும் அவர்கள் மொழியில் அந்த ஒரே சொல், இந்தக் கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சிலும் அதே சொல்தான். அவர் என்னை ‘மா ஷேர்’, என் அன்பே, என்பார். முதல் வருடம் ஒரு மதிய இடைவேளையில் தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு வாழைக்காய்ப் பொரியலை எடுத்து, அதன்மேல் ஒரு கரண்டி பிக்லீஸை வைத்து என் கையில் தந்தார். அந்தப் பொரியலின் பெயர் ‘பனான் பெசே’. தடித்த துண்டுகளாக வெட்டி ஒருமுறை பொரித்து, பலகையால் அழுத்தித் தட்டையாக்கி, உப்புநீரில் தோய்த்து, மீண்டும் பொரிப்பார்கள். மொறுமொறுப்பும் புளிப்பும் உறைப்பும் ஒரே வாயில் வந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் தண்ணீர்க் குவளையை நீட்டினார். நான் கரண்டியை வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து பிக்லீஸ் தேடித் திரிந்திருக்கிறேன். நான் இருப்பது மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில். பார்க் நிலையத்தில் நீலக் கோட்டு மெற்றோ ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் சான் மிஷேல், கோடும் அங்கேயே முடிகிறது. ஹெய்ட்டியின் சர்வாதிகாரி பிரான்சுவா டுவாலியரின் ஆட்சிக் காலத்தில், 1960களில், ஹெய்ட்டியிலிருந்து ஆசிரியர்களும் மருத்துவர்களும் தாதியரும் கியூபெக்குக்கு வந்தார்கள். அடுத்த பத்தாண்டில் தொழிலாளர் குடும்பங்கள் வந்தன. அந்த மக்கள் நிறைந்த பகுதிகளில் ஒன்று சான் மிஷேல். அங்கே எட்டு மேசைகூட இல்லாத ஒரு சாப்பாட்டுக்கடைக்கு நானும் கணவரும் மாதம் ஒருமுறையாவது போகிறோம். கிரியோ, பனான் பெசே, அவரையோடு சேர்த்து அவித்த ‘திரி கோலே’ சோறு, ஒரு சிறு கிண்ணத்தில் பிக்லீஸ், எல்லாம் சேர்த்துத் தட்டு 19 டொலர். கோவாவைக் கத்தியால் அரிந்திருக்கிறார்கள் என்பது பார்த்தவுடனே தெரியும். சில இழைகள் நீளம், சில கட்டை. வாயில் வைத்தால் முதலில் புளிப்பு, பிறகு கராம்பு, மூன்றாவதாக மெல்ல மிளகாய். இந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். எனக்கிருக்கும் ஒரே வருத்தம் கிண்ணத்தின் அளவு. இரண்டு கரண்டிக்குமேல் அதில் கொள்ளாது, இன்னொன்று கேட்டால் ஒன்றரை டொலர். குளிர்ப்பெட்டியில் அரை லீற்றர் ஜாடிகளும் விற்கிறார்கள், பத்து டொலர். வெள்ளிக்கிழமை போனால் கிடைக்கும், ஞாயிறு மாலை போனால் ஒன்றும் இருக்காது.

அப்படி ஒரு ஞாயிறு வெறுங்கையோடு திரும்பிய வழியில்தான் அந்த 8.99 டொலர்ப் போத்தலை வாங்கினேன். மறுநாள் வேலைக்கு அதைக் கொண்டுபோய் மாத்தாந்திடம் காட்டினேன். அவர் ஒரு கோவா இழையை எடுத்து இரு விரலுக்கிடையில் வளைத்துப் பார்த்தார். அது ஒடியாமல் நூல்போல மடங்கியது. ஒன்றும் சொல்லாமல் மூடியைத் திருகி என்னிடம் தந்துவிட்டு, “ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். கூரான கத்தி இருக்கிறதா?” என்று கேட்டார்.

ஆகஸ்ட் மாதம். முதல் நாளே ஜோன் தலோன் சந்தைக்குப் போய் வாங்கிவைத்தேன். ஏறக்குறைய 600 கிராம் வருகிற இறுக்கமான கோவா பாதி, கரட் இரண்டு, சிவப்பிலும் பச்சையிலும் ஒவ்வொரு குடைமிளகாய், ஐந்தாறு சின்ன வெங்காயம், உள்ளி நான்கு பல்லு, தேசிக்காய் இரண்டு, தைம் இரண்டு கொப்பு. மிளகாய் ஆறு. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று கலந்து எடுத்தேன். கோவா வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள், அளவுக்கு மீறிய கனம் இருக்க வேண்டும். இலைகளுக்கிடையே காற்றோடும் கோவா ஊறியதும் தளர்ந்துவிடும்.

மாத்தாந்த் வந்தபோது நான் துருவியை எடுத்து மேசையில் வைத்திருந்தேன். அவர் அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். துருவி மரக்கறியைக் கிழிக்கிறது, கத்தி அரிகிறது என்றார். கிழிபட்ட இடமெல்லாம் நீர் விடும், அந்த நீர் வினாகிரியை நீர்த்துப்போக வைக்கும், கோவாவும் சக்கையாகும். போத்தல் பிக்லீஸின் பாதிக் குற்றம் எங்கே தொடங்குகிறது என்று அந்த நிமிடம் விளங்கியது. கோவாவை நாலாகப் பிளந்து, தண்டை நீக்கி, இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் அரிந்தோம். கரட்டை மட்டும் அதைவிட மெல்லிய குச்சிகளாக வெட்டச் சொன்னார், அது ஊற நேரமெடுக்கும் என்பதால். இரண்டு பேருக்கு முக்கால் மணித்தியாலம் பிடித்தது. இந்தச் சமையலில் உள்ள உழைப்பு முழுவதும் அந்த முக்கால் மணித்தியாலம்தான்.

வெட்டிக்கொண்டிருக்கும்போது நான் இதை ‘தி மாலிஸ்’ என்று தவறாகச் சொல்லிவிட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திருத்தினார். அது வேறு: வெங்காயமும் மிளகாயும் தேசிப்புளியும் சேர்த்த குழம்பு மாதிரியான சோஸ், பெயர் நாட்டுக்கதையிலிருந்து வந்தது. தி மாலிஸ் தந்திரசாலி, பூக்கி அப்பாவி. மாலிஸ் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துத் தினமும் பூக்கி வந்து இறைச்சியில் பங்கு கேட்பானாம். அவனை விரட்டுவதற்காக மாலிஸ் கண்ணில் நீர் வரும்படி ஒரு உறைப்புச் சோஸை இறைச்சிமேல் ஊற்றினான். பூக்கி ஒரு வாய் உண்டான், எழுந்து தெருவெல்லாம் ஓடி, மாலிஸ் செய்த சோஸை வந்து சாப்பிட்டுப் பாருங்கள் என்று ஊரையே கூட்டிவந்தான். கதையைச் சொல்லி முடித்ததும் மாத்தாந்த் என்னைச் சுட்டிக்காட்டி, “நீ பூக்கி” என்றார்.

மிளகாய்க்கு வருகிறேன். கையுறை போடுங்கள். அவர் போட்டார், நான் போடவில்லை. பச்சை மிளகாயை வாழ்நாள் முழுக்க வெறுங்கையால் நறுக்கியவள்தானே என்ற நினைப்பு. ஸ்கொட்ச் பொனற்றின் காரம் ஸ்கோவில் அளவில் 1,00,000 முதல் 3,50,000 வரை போகும். அன்றிரவு இரண்டு மணிவரை விரல் நுனிகள் தணலில் வைத்ததுபோல எரிந்தன. தண்ணீரில் எத்தனை தடவை கழுவினாலும் போகாது, காரத்தைத் தரும் கப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை. சமையல் எண்ணெயைத் தேய்த்து, பிறகு பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கழுவியதும்தான் தணிந்தது. அந்தக் கையைக் கண்ணில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் வெட்டிய பலகையையும் அதே முறையில் கழுவுங்கள்.

காரத்தைக் குறைக்க விரும்புகிறவர்கள் விதையை மட்டும் தட்டிவிட்டுத் திருப்திப்படக்கூடாது. விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் காரம் செறிந்திருக்கிறது, அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஆனால் மிளகாயின் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள் என்பது என் கருத்து. ஸ்கொட்ச் பொனற்றுக்குப் பழுத்த பழம்போல ஒரு மணம் உண்டு, அதற்காகத்தான் அதைப் போடுகிறோம். வேறு மிளகாய் போட்டால் உறைப்பு வரும், அந்த மணம் வராது. நான் இரண்டாவது ஜாடியில் நீளப் பச்சை மிளகாயைப் போட்டுப் பார்த்தேன். நல்ல ஊறுகாயாக இருந்தது. பிக்லீஸாக இல்லை.

அரிந்த எல்லாவற்றையும் பெரிய சட்டியில் போட்டு, ஒன்றரைத் தேக்கரண்டி உப்புத் தூவிக் கையால் பிரட்டி, இரண்டு லீற்றர் கண்ணாடி ஜாடிக்குள் அடுக்கடுக்காக அழுத்தி நிரப்பினோம். இடையிடையே கராம்பு ஐந்து, மிளகு பதினைந்து, உள்ளி, தைம். இரண்டு தேசிக்காயின் புளியை ஊற்றினோம். ஹெய்ட்டியில் என்றால் புளித் தோடம்பழச் சாறும் விடுவார்களாம், இங்கே அது எளிதில் கிடைக்காது. கடைசியாக வினாகிரி. அதைக் காய்ச்சக்கூடாது, அறையில் இருக்கிற சூட்டிலேயே விட வேண்டும். மரக்கறி முழுவதும் மூழ்க எங்களுக்கு 750 மில்லிலீற்றருக்குச் சற்று மேல் பிடித்தது. வாங்கும்போது சிட்டையைப் படியுங்கள், அமிலம் 5 சதவீதம் என்று இருக்க வேண்டும். அதே தட்டில் 10 சதவீத வினாகிரியும் ஒரேமாதிரிப் போத்தலில் நிற்கும், அது சுத்தம் செய்வதற்கானது.

கோவாவுக்கு முதலிலேயே உப்பிட்டு அரைமணி நேரம் வைத்துப் பிழிந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்வோரும் உண்டு. மூன்றாவது ஜாடியில் அப்படிச் செய்தேன். விறைப்பு நீண்டநாள் நின்றது உண்மை. ஆனால் கடித்தவுடன் வாயில் தெறிக்கும் அந்தச் சாறு இல்லாமல் போனது. நான் பிழிய மாட்டேன்.

மூடி விஷயத்தில் ஒன்று. உலோக மூடியென்றால் வினாகிரியின் ஆவி பட்டுத் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் மூடி எடுங்கள், இல்லாவிட்டால் இடையில் ஒரு துண்டு எண்ணெய்த்தாள் வையுங்கள். மூன்றாம் நாள் உள்ளிப் பல்லுகள் நீலப்பச்சையாக மாறியதைக் கண்டு பதறி, ஜாடியை முழுவதுமாகக் கொட்டப்போனேன். மாத்தாந்துக்குத் தொலைபேசியில் சொன்னதும் சிரித்துவிட்டு, தன் அம்மாவின் ஜாடியிலும் அப்படித்தான் ஆகும் என்றார். உள்ளியில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் அமிலத்தோடு சேர்வதால் வரும் நிறம் அது, தீங்கில்லை. பூஞ்சணம் படர்ந்தாலோ ஆகாத மணம் வந்தாலோ அது வேறு கதை, அப்போது தயங்காமல் கொட்ட வேண்டும். ஈரக் கரண்டி போடாமல், மரக்கறி எப்போதும் வினாகிரிக்குக் கீழே இருக்கும்படி பார்த்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால் எனக்கு இதுவரை அப்படி நேரவில்லை.

ருசியைப் பற்றி. முதல் நாள் எடுத்துத் தின்றால் அது வினாகிரி ஊற்றிய பச்சைக் கோவா, மிளகாய் ஒரு பக்கம், கோவா ஒரு பக்கம் என்று தனித்தனியாகச் சண்டை பிடிக்கும். மூன்றாம் நாள் உறைப்பு கரட்டுக்குள் இறங்கியிருந்தது. ஏழாம் நாள் காலையில் முட்டைப் பொரியலோடு ஒரு கரண்டி எடுத்தேன். புளிப்பு, கராம்பு, பிறகு மிளகாய். சான் மிஷேல் கடையில் நான் விரும்பிய அதே வரிசை. கோவா நறுக்கென்று கடிபட்டது, அடுத்த அறையிலிருந்த என் மகள் “என்ன சாப்பிடுகிறீர்கள் அம்மா?” என்று கேட்கும் அளவுக்கு. மூன்றாவது வாரமும் அந்தச் சத்தம் இருந்தது. இரண்டு மாதம் கழிந்தால் கொஞ்சம் தளரும், ஆனால் அதற்குள் எங்கள் வீட்டில் ஜாடி காலியாகிவிடுகிறது.

அந்த இரண்டு லீற்றருக்கு மொத்தம் 14 டொலர் செலவானது, கராம்பும் மிளகும் வீட்டில் இருந்தவை. 375 மில்லிலீற்றருக்கு 8.99 கொடுத்ததை நினைத்துப் பாருங்கள். இருந்தாலும் பணத்துக்காக மட்டும் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். பிக்லீஸை இதுவரை சாப்பிட்டிராதவர்கள் முதலில் ஏதாவதொரு ஹெய்ட்டிச் சாப்பாட்டுக்கடைக்குப் போய், சூடான கிரியோவோடோ பனான் பெசேயோடோ அந்தச் சிறு கிண்ணத்தைச் சாப்பிடுங்கள். எது சரியான ருசி என்று நாக்குக்குத் தெரிந்த பிறகு வீட்டில் செய்யுங்கள். பேரங்காடிப் போத்தலில் தொடங்கினால் ஹெய்ட்டிக்காரர் ஏன் இதைக் கொண்டாடுகிறார்கள் என்று ஒருநாளும் விளங்காது. ஒரு பெரிய சமையல் அதன் மிக மோசமான வடிவத்தில் மற்றவர்களுக்கு அறிமுகமாவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

மரக்கறி தீர்ந்த பிறகு மிஞ்சும் வினாகிரியைக் கொட்டிவிடாதீர்கள். மீனைப் பொரிக்குமுன் அதில் பத்து நிமிடம் ஊறவைக்கலாம். மாத்தாந்த் அதை சூப் ஜூமூவில் ஒரு கரண்டி விடுவார். 1804ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி கிடைத்த விடுதலையை நினைத்து வருடப் பிறப்பன்று ஹெய்ட்டி வீடுகளில் காய்ச்சும் பூசணி சூப் அது. 2021இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. அந்தச் செய்தி வந்த வாரம் அவர் வேலையிடத்தில் எல்லோருக்கும் ஒரு குவளை கொண்டுவந்து தந்தார், பக்கத்தில் சிறு போத்தலில் சிவந்த வினாகிரி.

என்னுடைய நான்காவது ஜாடியை முழுக்க நானே தனியாகச் செய்தேன். எட்டாம் நாள் ஒரு சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டுபோய் இடைவேளையில் அவர் முன்னால் வைத்தேன். ஓர் இழையை எடுத்து இரு விரலுக்கிடையில் வளைத்தார். டக்கென்று ஒடிந்தது. வாயில் போட்டு மெதுவாக மென்றார். கண்ணை மூடியிருந்தார்.

“கராம்பு இரண்டு குறைவு, மா ஷேர்” என்றார். டப்பாவை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.